பழைய அதிவேக செடானைத் தினசரி வண்டியாக வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. புதிய சாதாரண செடான் ஒன்றை வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். அதே பணத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி, ஆடி ஆர்எஸ்4 போன்றவை கண்ணில் படுகின்றன. வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஆகிறது. வீட்டில் அது ஒன்றுதான் வண்டி. குழந்தையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். வாங்கலாமா, வாங்குவதானால் எதை, எவ்வளவு ஓடியது வரை ஏற்கலாம், நீட்டித்த வாரண்டி எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் "தினமும்" என்றும் "ஒன்றே வண்டி" என்றும் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் இரண்டு நிபந்தனைகள், இத்தகைய கார்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் தரவரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. எத்தனை குதிரைத்திறன், என்ன சத்தம், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பவை உங்களுக்கு இரண்டாம் நிலைக் கேள்விகள். பழுதுச் செலவுகூட ஓரளவுக்கு இரண்டாம் நிலைதான், ஏனென்றால் அதை முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்க முடியும். ஆண்டில் எத்தனை நாள் இந்த வண்டி பட்டறையில் நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. வார இறுதியில் மட்டும் எடுக்கும் ஒருவர், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டர் என்ற பாகம் வந்து சேர மூன்று வாரம் ஆனாலும் பொறுத்துக்கொள்வார். அதே பழுது, அதே விலை, ஆனால் உங்களுக்கு அந்த மூன்று வாரமும் வாடகை வண்டி, கெஞ்சிக் கேட்ட விடுப்பு, வீட்டில் மனத்தாங்கல் என்று வேறு கணக்காகிவிடும்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. எம்3 என்பது சாதாரண 3 சீரிஸில் பெரிய என்ஜினைப் பொருத்தியது அன்று. என்ஜின், டிஃபரன்ஷியல், பிரேக், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் கைகளில் பல, முன்பக்க பாடி தகடுகள் வரை தனியாக வடிவமைக்கப்பட்டவை. சாதாரண மாடல் லட்சக்கணக்கில் விற்றிருப்பதால் அதன் பாகங்களை அசலாகவும், மாற்று நிறுவனத் தயாரிப்பாகவும், உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததாகவும் மூன்று வழிகளில் தேடலாம். உயர்திறன் மாடலின் பாகங்களுக்குப் பெரும்பாலும் முதல் வழி மட்டுமே திறந்திருக்கும். வண்டியின் சந்தை விலை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது; பாகத்தின் விலையோ, அந்த வண்டி ஷோரூமில் புதிதாக நின்றபோது எந்த வர்க்கத்தைச் சேர்ந்ததோ அந்த வர்க்கத்திலேயே இருக்கிறது, சில வேளைகளில் ஏறவும் செய்கிறது. ஆகவே, வாங்கும் விலை உங்கள் கைக்கு எட்டியது என்பதாலேயே பராமரிப்பும் எட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் உள்ள மொத்தத் தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வண்டியின் விலைக்குக் கொடுக்காமல், மீதியை முதல் இரண்டு ஆண்டுகளுக்கென்று தொடாமல் வைத்திருப்பதே என் கணக்கு. அப்படி ஒதுக்கினால் நீங்கள் விரும்பிய மாடல் எட்டாமல் போகிறது என்றால், ஒரு படி இறங்கிய மாடலைப் பார்ப்பதே முறை.

இனி நீங்கள் பெயர் சொன்ன வண்டிகளுக்கு வருகிறேன். 2005-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட காலம், டர்போ இல்லாமல் உயர் சுழற்சியில் ஆற்றல் தரும் பெரிய என்ஜின்களின் கடைசிக் காலம். பிஎம்டபிள்யூவின் இ60 வரிசை எம்5-இல் (இ60, இ90 போன்றவை ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனம் வைக்கும் குறியீடுகள்) ஐந்து லிட்டர் வி10, அதாவது வி வடிவில் பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன். இ90 வரிசை எம்3 செடானில் நான்கு லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 8,300 சுற்றில். இவ்விரண்டு என்ஜின்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பலவீனத்திலும் ஒற்றுமை உண்டு. பிஸ்டனின் விசையைக் கிராங்க் ஷாஃப்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் அடிமுனையில், இரண்டு அரைவட்டத் தகடுகளாக ஒரு பேரிங் இருக்கிறது. அந்தத் தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் தவிர வேறொன்றும் கிடையாது. இந்த என்ஜின்களில் அந்த இடைவெளி குறுகலானது. பரிந்துரைக்கப்படும் எண்ணெயோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான வகை. எண்ணெய் சூடேறுமுன் முடுக்கினால் படலம் சரியாக உருவாகாமல் தகடு தேய்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இந்தத் தேய்மானம் வெளியே எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தட்டும் ஓசை காதில் விழும்போது கிராங்க் ஷாஃப்டே சேதமாகியிருக்கும். அதன் பிறகு என்ஜினையே மாற்றும் பேச்சுத்தான்.

இதனால் எம்3-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. பேரிங் மாற்றுவது தெரிந்த பட்டறைகளில் வழக்கமான வேலையாகிவிட்டது. எம்3-இல் என்ஜினை வெளியே எடுக்காமல், அதை மேலிருந்து தாங்கிப் பிடித்து, அதன் அடியில் உள்ள சட்டமான சப்ஃப்ரேமை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்தே செய்துவிடலாம். நீங்கள் பார்க்கும் வண்டியில் இந்த வேலை நடந்ததற்கான ரசீது இருந்தால், தேதியையும் ஓட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய தகடுகளின் படம் இருந்தால் இன்னும் நல்லது. ரசீது இல்லையென்றால் அந்த வேலையின் முழுத் தொகையையும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். "என் வண்டியில் அந்தப் பிரச்சினை வராது" என்று விற்பவர் சொன்னால், அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். த்ராட்டில் ஆக்சுவேட்டர்களின் உள்ளே இருக்கும் பற்சக்கரம் தேய்ந்து, வண்டி திடீரென்று ஆற்றலைக் குறைத்துக்கொள்வது இந்தக் குடும்பத்தின் இன்னொரு வழக்கமான கோளாறு. அது ஆபத்தானதன்று, ஆனால் திங்கட்கிழமை காலையில் வந்தால் உங்களுக்குப் பெரிய தொல்லை.

எம்5-ஐப் பற்றி இன்னும் கறாராகவே சொல்வேன். வட அமெரிக்காவில் மட்டும் கைக் கியர் கிடைத்தது; மற்ற இடங்களில் வந்தது ஏழு கியர் எஸ்எம்ஜி. அது ஒற்றைக் கிளட்சை ஹைட்ராலிக் பம்ப்பால் இயக்கும் ஏற்பாடு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் ஓயாமல் உரசித் தேய்கிறது, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி குலுங்குகிறது. பள்ளி வாசலில் வரிசையில் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருந்தாத கியர்பாக்ஸை நினைப்பது கடினம். அந்த வி10 வாகன வரலாற்றில் ஒரு அற்புதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை இரண்டாவது வண்டியாக வைத்திருப்பவரைப் பார்த்துப் பொறாமைப்படவும் செய்வேன். உங்கள் தேவைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டபிள்யூ204 வரிசை சி63, 2008 முதல் 2014 வரை, 6,208 கன சென்டிமீட்டர் வி8-உடன் வந்தது. இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஆரம்ப ஆண்டு என்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் காலப்போக்கில் அரித்து உடைந்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கிய நிகழ்வுகள் உண்டு. பிற்காலத்தில் போல்ட்டின் பொருள் மாற்றப்பட்டது. ஆகவே பிற்கால வண்டியைத் தேடுவதோ, போல்ட் மாற்றப்பட்டதற்கான ஆதாரத்தைக் கேட்பதோ அவசியம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் அதன் கீழுள்ள டாப்பெட்டுகளும் தேய்வது இரண்டாவது. குளிர்ந்த நிலையில் எழும் டிக்டிக் ஓசை சூடேறிய பின்னும் நீடித்தால், வால்வ் கவரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இவை சரியாக இருந்தால், சி63-இன் தானியங்கிக் கியர்பாக்ஸ் தினசரி ஓட்டத்துக்கு இ60 எம்5-ஐவிடப் பல மடங்கு இணக்கமானது. பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் இத்தனை இழுவிசை ஈரச் சாலையில் டயரைச் சோதிக்கும் என்பது தனிக்கதை.

ஆர்எஸ்4-இன் பி7 வரிசையும் 420 குதிரைத்திறன்தான். நான்கு சக்கர இயக்கம் மழைக்கும் பனிக்கும் உதவும். அதன் சங்கடம் வேறு வகையானது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை என்பதால், காற்று நுழையும் வால்வுகளின் பின்புறத்தை எரிபொருள் ஒருபோதும் கழுவுவதில்லை. என்ஜினின் உள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே படிந்து, வெந்து, கரியாக இறுகிவிடும். அதிகச் சுழற்சியில் காற்று தேவைப்படும் என்ஜின் இது என்பதால் ஆற்றல் இழப்பு உணரும்படியாகவே இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றால் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் முறையான தீர்வு. எரிபொருள் தொட்டியில் ஊற்றும் எந்தத் திரவமும் அந்த வால்வைத் தொடவே வழியில்லை என்பதை, அத்தகைய பாட்டில்களை வாங்குவோர் யோசிப்பதில்லை. இதன் ஷாக் அப்சார்பர்கள் மூலைவிட்டமாக ஒன்றோடொன்று ஹைட்ராலிக் குழாயால் இணைக்கப்பட்டவை. அந்த இணைப்பு கசிவதும் அறியப்பட்ட குறை. பலர் அதை நீக்கிவிட்டுச் சாதாரண ஷாக் அப்சார்பர்களைப் போட்டுவிடுகிறார்கள், அதில் தவறில்லை.

சற்று முந்திய மெர்சிடிஸ் இ55-ஐயும் சிலர் மலிவு என்று பார்ப்பார்கள். அதில் வரும் மின்-ஹைட்ராலிக் பிரேக் அலகு, குறிப்பிட்ட எண்ணிக்கை அழுத்தங்களுக்குப் பின் தன்னை மாற்றச் சொல்லி எச்சரிக்கும். இ கிளாஸிலிருந்து 2006-இல் அந்த அமைப்பே விலக்கப்பட்டது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

டர்போ தலைமுறையில், 2014 முதல் 2018 வரையிலான எஃப்80 எம்3 உங்களுக்கு எட்டக்கூடும். மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 431 குதிரைத்திறன். இதில் கிராங்க் ஹப் நழுவும் பிரச்சினையைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் டைமிங் செயினை ஓட்டும் பற்சக்கரம், நழுவாமல் பூட்டும் ஆப்பு எதுவுமின்றி, ஒற்றைப் போல்ட்டின் அழுத்தத்தால் உண்டாகும் உராய்வில் மட்டுமே நிற்கிறது. அது நழுவினால் வால்வுகளின் நேரம் தப்பிவிடும். தொழிற்சாலை ஆற்றலிலேயே ஓடிய வண்டிகளில் இது அரிது. ட்யூன் செய்து, அதாவது மென்பொருளையும் பாகங்களையும் மாற்றி, இழுவிசையைக் கூட்டியவற்றில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். எனவே இந்த மாடலில் "ட்யூன் செய்ததில்லை" என்ற உறுதி, ஓடோமீட்டர் எண்ணைவிட மதிப்புள்ளது. எஃப்10 எம்5-இன் வி8-இல் டர்போக்கள் என்ஜினின் வி வடிவப் பள்ளத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன. முடுக்கியதும் ஆற்றல் உடனே கிடைக்க அது நல்லது. சுற்றியிருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் கேஸ்கெட்டுகளுக்கும் அந்த வெப்பம் நல்லதன்று.

இந்த வரிசையில் தினசரிக் கண்ணோட்டத்தில் பார்த்தால் தனித்து நிற்பது லெக்ஸஸ் ஐஎஸ் எஃப். ஐந்து லிட்டர் வி8, எட்டு கியர் தானியங்கி, 2007-இன் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரிப்பில் இருந்தது. இதன் எரிபொருள் அமைப்பு நேரடியாகவும் இன்டேக் பாதையிலும் என இரண்டு வழியிலும் பீய்ச்சுவதால் மேலே சொன்ன கரிப் படிவு பெரிய பிரச்சினையாவதில்லை. தண்ணீர் பம்ப்பும், வி பள்ளத்தின் அடியில் உள்ள தகட்டைச் சுற்றிய கூலன்ட் கசிவும் பார்க்க வேண்டியவை. இரண்டும் தெரிந்த, தீர்வுள்ள வேலைகள். ஆரம்ப ஆண்டு வண்டிகளின் சஸ்பென்ஷன் கடினம் என்ற குறை நியாயமானது. ஸ்டீயரிங் வழியே எம்3 பேசும் அளவுக்கு இது பேசாது. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பும்போது அச்சம் இருக்காது.

இவற்றுக்கெல்லாம் ஒரு படி கீழே இருக்கும் வண்டிகளைத்தான் உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்கு நான் முதலில் காட்டுவேன். பிஎம்டபிள்யூ 340ஐ (340i), பி8 வரிசை ஆடி எஸ்4, மெர்சிடிஸ் சி43 ஆகியவை அவை. 340ஐ-யில் 2015 முதல் வந்த பி58 என்ற மூன்று லிட்டர் டர்போ என்ஜின், பிஎம்டபிள்யூவின் பல மாடல்களிலும் டொயோட்டா சுப்ராவிலும் பயன்படுவது. இத்தனை வண்டிகளில் ஓடுவதால் பாகங்களும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் எளிதில் கிடைப்பார்கள். என்ஜினுக்கும் நல்ல பெயர். 326 குதிரைத்திறன், பொதுச் சாலையில் நீங்கள் சட்டப்படி பயன்படுத்தக்கூடியதைவிட ஏற்கெனவே மிகுதி. எஸ்4-இன் சூப்பர்சார்ஜர் வி6, 333 குதிரைத்திறன், தாழ்ந்த சுழற்சியிலிருந்தே சீராக இழுக்கும். 340ஐ-க்கு முந்திய 335ஐ (335i) மலிவாகக் கிடைக்கும். அதன் ஆரம்ப ஆண்டுகளில் வந்த என்54 என்ஜினில் உயர் அழுத்த எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் சலசலப்பு, மின் தண்ணீர் பம்ப் என்று வரிசையாகச் செலவு வரும். அவை அனைத்தும் மாற்றப்பட்டு ரசீதோடு வந்தால் தவிர, தொட வேண்டாம்.

இப்போது ஓட்டக் கணக்கு. பத்து ஆண்டில் 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியை எல்லோரும் பொக்கிஷம் என்பார்கள். நான் சற்றுத் தயங்குவேன். அந்த ஓட்டம் எப்படி வந்தது என்பதே கேள்வி. ஐந்து நிமிடத் தூரத்துக்கு எடுத்து நிறுத்தியே சேர்ந்த 40,000 என்றால், என்ஜின் பெரும்பாலான நாள் எண்ணெய் சூடேறாமலே ஓடியிருக்கிறது. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்தே இருந்திருக்கின்றன. மாதக்கணக்கில் நின்றது என்றால் ரப்பர் சீல்கள் உலர்ந்திருக்கும், டயர் தட்டையடித்திருக்கும், பிரேக் காலிப்பரின் பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி, ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றி, 1,40,000 கிலோமீட்டர் தொட்ட வண்டியில், பலவீனமானவை ஏற்கெனவே பழுதாகி மாற்றப்பட்டிருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, ஆண்டையும் வெப்பத்தையும்தான் பார்க்கின்றன. உங்கள் பயன்பாட்டில் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டராவது சேரும் என்பதால், குறைந்த ஓட்டத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த விலை இரண்டே ஆண்டில் கரைந்துவிடும் என்பதும் உண்டு. 80,000-லிருந்து 1,40,000 வரை, ஆவணங்கள் முழுமையாக உள்ள வண்டியே எனக்கு ஏற்புடையது.

ஆவணம் என்றால் முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் மட்டும் போதாது. ரசீதுகளைக் கேளுங்கள், அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் படியுங்கள். எண்ணெய் மாற்றங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். உற்பத்தியாளர்கள் அனுமதித்த நீண்ட இடைவெளியில் மட்டும் மாற்றியவரைவிட, அதில் பாதியிலேயே மாற்றியவர் வண்டியை அறிந்தவர். எட்டு கியர் இசட்எஃப் கியர்பாக்ஸின் எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் சொல்வதுண்டு. அந்தக் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இதைச் செய்த ரசீது ஒன்று இருந்தால், விற்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அதுவே போதிய சான்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம் மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது, ஈரம் கூடினால் கொதிநிலை குறையும்.

ட்யூன் செய்த வண்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விற்பனைக்கு முன்பு மென்பொருளைப் பழைய நிலைக்கு மாற்றி, கழற்றி வைத்த அசல் பாகங்களைத் திரும்பப் பொருத்திவிடுவது எளிது. ஆனாலும் தடம் இருக்கும்: காற்றுக் குழாய்க் கவ்விகளில் புதிய கீறல், எதுவும் பிடிக்காமல் வெறுமையாக நிற்கும் பிராக்கெட்டுகள், டாஷ்போர்டின் ஓரத்தில் மீட்டர் பொருத்திய திருகுத் துளைகள், எக்ஸாஸ்ட் போல்ட்டுகள் மட்டும் துருவின்றிப் பளபளப்பது. ஸ்கேனர் மாட்டும்போது பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டியின் கணினி தன் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தானே சோதித்து முடித்திருக்கிறதா என்ற நிலைப்பட்டியலையும் பார்க்க வேண்டும். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று பொருள் கொள்ளலாம். முதல் சில நொடிகளில் வரும் செயின் சலசலப்பு, நீலப் புகை, சீரற்ற ஓட்டம் ஆகியவை சூடேறிய பின் மறைந்துவிடக் கூடியவை. பிறகு அந்த மாடலையே தொடர்ந்து கையாளும் ஒரு பட்டறையில் முழுச் சோதனைக்குக் கட்டணம் கொடுத்து விடுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக உண்டாகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை, காற்றழுத்தக் கசிவுச் சோதனை, ஸ்பார்க் பிளக் துளை வழியே கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்ப்பது, எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஜோடி டயர் விலையைத் தாண்டாது. யானை வாங்கத் துணிந்தவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான், இந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது. சோதனைக்கு விற்பவர் மறுத்தால், காரணம் எதுவாக இருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள்.

டயர் நிறையச் சொல்லும். நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலா என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணைப் படியுங்கள்: 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். இத்தனை ஆற்றலுள்ள வண்டியில் பெயர் தெரியாத மலிவு டயர் போட்டவர், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். உட்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், அல்லது சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கலாம். பல உயர்திறன் செடான்களில் பின் டயர் முன்னதைவிட அகலம் என்பதால் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது. பின் ஜோடி விரைவில் தீரும் என்பதைத் தினசரிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், அளவிடச் சொல்லுங்கள். கார்பன்-செராமிக் டிஸ்க் உள்ள வண்டியைத் தினசரிப் பயனுக்கு நான் தவிர்ப்பேன். ஒரு கல் பட்டு விளிம்பு சிதறினால் ஏற்படும் செலவு, அந்த டிஸ்க் தரும் எந்தப் பயனுக்கும் ஈடாகாது.

ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தை நாடாதீர்கள். வேகமாகப் போகும் என்பது தெரிந்ததே. நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் முதல் இரண்டு கியருக்கிடையே தயங்குகிறதா, உதறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிக் காது கொடுங்கள். பின் இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்திப் பாருங்கள். முடிந்தால் வீட்டாரை அந்தப் பின் இருக்கையில் அரை மணி நேரம் அமர வையுங்கள்; 19 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் சேர்ந்து தரும் குலுக்கலை ஓட்டுபவர் மகிழ்ச்சியில் கவனிக்க மாட்டார். உங்கள் வீட்டு வாயில் சரிவில் முன் பம்பர் தட்டாமல் ஏறுகிறதா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் பயணம் ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர் என்பது இந்த வண்டிகளுக்குச் சாதகமான செய்தி. கூலன்ட் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து என்ஜின் தயார் என்று பலர் முடுக்குகிறார்கள். எண்ணெய் அதற்கு வெகு நேரம் கழித்தே முழுச் சூட்டை அடைகிறது. எம்3, எம்5 போன்ற பிஎம்டபிள்யூ வண்டிகளில் எண்ணெய் வெப்பத்துக்குத் தனி முள்ளும், சூடேற ஏறச் சுழற்சி வரம்பை உயர்த்திக் காட்டும் விளக்கு வரிசையும் கொடுத்திருப்பது அலங்காரத்துக்கு அன்று. 25 கிலோமீட்டரில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டி, அதில் சேர்ந்த ஈரமும் ஆவியாகிப் போகும். பள்ளிக்கு மட்டும் இரண்டு கிலோமீட்டர் போய் வரும் நாட்கள் மிகுந்தால் எண்ணெயை 8,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.

வாங்கிய முதல் மாதத்தில், ரசீது எதைச் சொன்னாலும், என்ஜின் எண்ணெய், பிரேக் திரவம், கூலன்ட், டிஃபரன்ஷியல் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் அனைத்தையும் மாற்றி, அந்தத் தேதியை உங்கள் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் இந்த வண்டிகள் தொடர்பே இல்லாத பத்துப் பழுதுகளை ஒரே நேரத்தில் காட்டும். பிளாஸ்டிக் கூலன்ட் இணைப்புகளும் தண்ணீர் பம்ப்பும் எட்டு ஆண்டைத் தாண்டியிருந்தால், உடையும் வரை காத்திருக்காமல், உங்களுக்கு வசதியான ஒரு விடுமுறை வாரத்தில் மாற்றிவிடுவதே சரி. பட்டறையில் நிற்கும் நாட்களை நீங்களே தேர்ந்தெடுக்க முடிவது, ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்குப் பெரிய ஆதாயம்.

வாரண்டி பற்றிய கேள்வி மிச்சம். உற்பத்தியாளரே தரும் பயன்படுத்திய கார் வாரண்டி 340ஐ, சி43 போன்ற சற்றுப் புதிய வண்டிகளுக்குக் கிடைத்தால், அது எந்தெந்தப் பாகங்களை ஏற்கிறது என்று படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெளி நிறுவனங்கள் விற்பதில் கவனம் தேவை. இயல்பான தேய்மானம், வாங்குமுன்பே இருந்த குறை, மாற்றியமைக்கப்பட்ட வண்டி, ஒரு கோரிக்கைக்கான உச்சவரம்பு, மணிக்கணக்குக் கூலிக்கான வரம்பு என்று விலக்குகள் நீளும். கனெக்டிங் ராட் பேரிங்கும் கேம் ஷாஃப்ட் தேய்மானமும், அதாவது நீங்கள் எதற்கு அஞ்சி வாரண்டி எடுக்கிறீர்களோ அதுவே, தேய்மானம் என்ற தலைப்பில் தள்ளுபடியாக வாய்ப்புண்டு. ஒப்புதல் வரும் வரை வண்டியைக் கழற்றிய நிலையிலேயே நிறுத்தி வைப்பார்கள் என்பது உங்களுக்கு இன்னும் பெரிய இடைஞ்சல். இ90 எம்3-யோ சி63-யோதான் என்று முடிவு செய்தால், அந்த வாரண்டிக்குக் கேட்கும் தொகையை நான் முன்பு சொன்ன ஒதுக்கீட்டில் சேர்த்து, வேலை தெரிந்த ஒரு தனிப்பட்டறையோடு இப்போதே பேசி வையுங்கள். வண்டி சில நாள் நிற்க நேர்ந்தால் மாற்று வண்டி தருவார்களா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.